அக்கா மட்டும் இறங்கினாள்

அக்காவோடு நான் பார்த்த எந்தப் படத்திலும் இடைவேளைக்குப் பிறகு என் பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்ததில்லை. விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் சேலை சரசரக்கும். "நீ இருந்து பாத்துட்டு வா ஏளா, எனக்குப் போதும்" என்று காதருகில் குரல் கேட்கும். படம் விட்டு வெளியே வந்தால், காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றுகொண்டிருப்பாள். கதை எப்படி முடிந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எழுபதுகளில், புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த சமயத்தில், தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. சொந்த ஊர் நாசரேத். தினமும் போய்வர முடியாதென்று அக்கா வீட்டு மாடியறையில் வாடகைக்குக் குடியேறினேன். அக்கா கொற்கைக்காரி. வயலும் வாழையுமாக இருந்த குடும்பத்திலிருந்து ஓர் உப்பள முதலாளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரே மகள் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் படித்தாள். முதல் மாதம் என்னை "டீச்சர், நீங்க" என்றாள். அடுத்த மாதமே "ஏளா, நீ" ஆகிவிட்டது.

படம் மட்டுமல்ல. சாயர்புரத்தில் என் சித்தி வீட்டுக்கு ஒருமுறை கூட்டிப் போனேன். இலை போட்டுச் சோறும் வைத்தாகிவிட்டது. அக்கா எழுந்து கைகழுவிவிட்டு, "வாரேன்" என்று நடந்துவிட்டாள். சித்தி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். பேச்சையும் அப்படித்தான் பாதியில் விடுவாள். "அன்னைக்கு எங்க அய்யா என்ன செஞ்சாருன்னா..." என்று தொடங்கி, நாம் காதைத் தீட்டிக்கொண்டதும், "சரி, அத விடு" என்பாள். எங்கே போனாலும் டிரைவரிடம், "போயிராத, நில்லு" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவாள்.

அவள் கணவரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டது. நானும் அப்படித்தான். உரத்த குரல், தாராளமான மனசு, நாலு பேர் இருந்தால் மனைவியைக் கேலி செய்யாமல் இருக்க முடியாது. "இவ தாலி கட்டும்போதே பாதியில எந்திரிச்சிருப்பா. நாந்தான் கையப் பிடிச்சு உக்கார வச்சேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். மற்றவர்கள் முடிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவாள்.

எல்லாம் வெறும் கிறுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஒரு கல்யாணம் வரைக்கும். மாப்பிள்ளை கொழும்பில் கடை வைத்திருந்தவர். தாலி கட்டுவதற்குள் அக்கா வயிற்றுவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். சில மாதங்களில், அவருக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது வெளியே வந்தது. பெண் தாய்வீடு திரும்பினாள்.

"அக்கா, ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்னத்தத் தெரியும்? கொழும்புல இருந்து வந்த ஆளுவள ஒருத்தர்கிட்டயும் பேச விடாம அவன் அம்ம அந்த ஆளுவ பின்னாலயே சுத்துனா. பாக்க நல்லா இல்ல."

"பொண்ணு வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்ல..." என்றவள் மிச்சத்தைச் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் எழுந்துபோகும் ஒவ்வொரு முறையும், இது கிறுக்கா, எதையாவது பார்த்துவிட்டாளா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்துவிடும். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே முகம்தான்.

அண்ணாச்சி விமானம் வாங்கியது ஊருக்கே வேடிக்கையாக இருந்தது. வடக்கே ஏதோ தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் வைத்திருந்த பழைய விமானம், நாலு பேர் உட்காரலாம். போர்க்காலத்தில் போட்ட ஓர் ஓடுபாதை ஊருக்கு மேற்கே உடைமரங்களுக்கு நடுவில் கிடந்தது. அதைச் சீர்செய்து, அங்கேயே நிறுத்தினார். கொட்டகை கிடையாது. தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார்கள். ஓட்டுவதற்குச் சாத்தான்குளத்துப் பையன் ஒருவனை வேலைக்கு வைத்தார். சென்னையில் பயிற்சி பெற்றவன். மெல்லிய உடம்பு, எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அக்காவை "மதினி" என்று கூப்பிடுவான். அக்காவுக்கு அவன் "தம்பி".

அது கார்த்திகை மாதம். நாள்கணக்கில் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு அண்ணாச்சியும் அக்காவும் விமானத்தில் கிளம்பினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தலைமையாசிரியை வகுப்பு வாசலுக்கே வந்து, "நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். உப்பளத்தில் விமானம் விழுந்துவிட்டது, ஆள் யாரும் பிழைக்கவில்லை என்று சொன்னார். மூன்று பேரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

அக்கா மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டு. தலையில் பிச்சிப்பூ.

"நான் இறங்கிட்டேன் ஏளா" என்றாள்.

என்ன நடந்தது என்று சொல்லவில்லை. யார் போனது என்று சொல்லவில்லை. முதலில் சொன்னது அதைத்தான். பிறகு தலையிலிருந்த பூவை அவளே பிய்த்துப் பிய்த்துப் படியில் போட்டாள். அழவில்லை.

ஊர் பேசத் தொடங்க அதிக நேரம் பிடிக்கவில்லை. விமானத்தில் கள்ளத்தங்கம் இருந்தது என்றார்கள். தொழிலில் போட்டியாக இருந்தவர்கள் ஆள் வைத்துச் செய்தார்கள் என்றார்கள். எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பொம்பளை ஏன் இறங்கினாள்? அண்ணாச்சியின் மூத்த சகோதரர் துட்டி கேட்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்டார்: "கூட ஏறுனவ எப்பிடி இறங்குனா? தெரியாமலா இறங்குனா?" அக்கா உள்ளறையில் இருந்தாள். காதில் விழாமல் இருந்திருக்காது.

போலீஸ் டிரைவரை விசாரித்தது. விமானத்தில் ஏறுவதற்கு முன் அக்கா தன்னிடம் "போயிராத, நில்லு" என்று சொன்னதாக அவன் சொன்னான். பறந்து போகப் போகிறவள் எதற்குக் காரை நிற்கச் சொன்னாள்? எனக்கும் பகீரென்றது. எங்கே போனாலும் அவள் அப்படிச் சொல்வாள் என்பது தெரிந்திருந்தும் பகீரென்றது. அந்த நாட்களில் அவள் கொடுத்தனுப்பும் காப்பி மாடியில் ஆறிக்கிடக்கும். கீழே அவள் நடக்கும் சத்தத்தை நான் கவனித்துக்கொண்டிருப்பேன். நடை பாதியில் நின்றால், ஏன் நின்றது என்று யோசிப்பேன்.

விபத்தை விசாரிக்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பயணியர் விடுதியில் தங்கினார். நரைத்த மீசை, நிதானமான பேச்சு. எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததில், பெட்ரோல் வடிகட்டியில் தண்ணீர் இருந்தது. உப்பளத்தில் விழுந்தபோது புகுந்ததாக இருக்கும் என்று முதலில் நினைத்திருக்கிறார்கள். சோதித்தபோது அதில் உப்பே இல்லை. நல்ல தண்ணீர். உடனே அண்ணாச்சியின் மூத்த சகோதரர், "அப்ப ஊத்தியிருக்கா! ஆள் வச்சு ஊத்தியிருக்கா!" என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அக்காவை எந்த நேரமும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்ற நிலைமை.

அந்தச் சமயத்தில்தான் அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க அந்த வீட்டுல இருக்கீங்க. அந்த அம்மா ஏறின இடத்துல இருந்து திடீர்னு இறங்குறது, பாதியில எழுந்து போறது, இதெல்லாம் முன்னாடியும் உண்டா?"

"உண்டு சார். அது அவங்க வழக்கம்" என்றேன். சினிமாவைச் சொன்னேன். சித்தி வீட்டுச் சாப்பாட்டைச் சொன்னேன். கொழும்பு மாப்பிள்ளையின் கல்யாணம் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அக்காவுக்கு வினையாகிவிடும் என்று விழுங்கிவிட்டேன்.

அவர் லேசாகச் சிரித்தார். "சில பேர் சுபாவம் அப்படி" என்று பேனாவை மூடினார்.

அடுத்த சில நாட்களில் இறக்கையிலிருந்த பெட்ரோல் டாங்கின் மூடி கிடைத்தது. அதன் ரப்பர் வாஷர் வெடித்துப் போயிருந்தது. மழைத்தண்ணீர் அதன் வழியாக இறங்கியிருக்கிறது. யாரும் ஊற்றவில்லை. தரையில் இருந்தவரை டாங்கின் ஒரு மூலையில் நின்ற தண்ணீர், மேலே ஏறுவதற்கு விமானம் மூக்கைத் தூக்கியதும் குழாய்க்குள் போயிருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டது. பையன் ஓடுபாதைக்கே திரும்பப் பார்த்திருக்கிறான். அந்த உயரத்தில் திரும்ப முடியாதாம். நேரே இறக்கியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்றார் அதிகாரி. கிளம்புமுன் பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது விமானியின் கடமை, அவன் பார்க்கவில்லை என்று முடிவாயிற்று. "விமானியின் கவனக்குறைவு" என்று பத்திரிகையில் வந்தது. போலீஸ் வருவது நின்றது. நான் மறுபடியும் அக்கா கையால் காப்பி குடித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நாசரேத் போயிருந்தபோது, ஆராதனை முடிந்து வெளியே வருகையில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். விமானம் ஓட்டிய பையனின் அப்பா. அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீங்க அந்த வீட்டு மாடியில இருக்கியளாமே? எம்மவன் பாக்காம ஏறியிருக்க மாட்டாம்மா. எந்த பாட்டிலக் கையில எடுத்தாலும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும்னு சின்னதுல இருந்து சொல்லி வளத்தேன். அந்த அம்மா கூட நின்னிருக்காவ. அவன் பாத்தானா இல்லியான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. அது போதும்."

திரும்பி வந்த அன்றே அக்காவிடம் கேட்டேன். கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்து..." என்றாள். பிறகு வழக்கம்போல, "சரி, அத விடு."

"விட மாட்டேன் அக்கா. அந்த மனுசன் கோயில் வாசல்ல நின்னு கேக்காரு."

எழுந்திருக்கப் பார்த்தாள். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். கையிலிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

"பாத்தாரு ஏளா. இறக்கைக்கு அடியில ஒரு திருகு உண்டு. அதுல இருந்து ஒரு சின்ன பாட்டில்ல பெட்ரோலப் பிடிச்சு வெயில்ல தூக்கிப் பாத்தாரு. பச்சைக் கலரு. அடியில கண்ணாடி மாரி ஒண்ணு உருண்டுச்சு. 'இதென்ன தம்பி'ன்னேன். 'தண்ணி மதினி, மழையில இறங்கியிருக்கு'ன்னாரு. கொட்டிட்டுத் திரும்பப் பிடிச்சாரு. அப்பவும் இருந்துச்சு. திரும்பவும் பிடிச்சாரு. சின்னதா ஒரு மணி மாரி தண்ணி. இன்னும் கொஞ்ச நேரம் நின்னு வடியட்டும்னு அவுககிட்ட சொன்னாரு."

"அண்ணாச்சி என்ன சொன்னாக?"

"முகூர்த்த நேரம் போகுதுல்லா. 'ஏலே தம்பி, நீ பெட்ரோல் பங்க்குலயா வேல பாத்த?'ன்னு கேட்டாக. வழியனுப்ப வந்த கணக்குப்பிள்ள, வேலையாளுவ எல்லாரும் சிரிச்சாங்க. தம்பியும் சிரிச்சாரு. காதெல்லாம் செவந்து போச்சு. பாட்டிலப் பையில போட்டுட்டு ஏறிட்டாரு."

எஞ்சின் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. அக்காவுக்கு மட்டும் அந்த மணி கண்ணிலேயே நின்றிருக்கிறது.

"அவுகளப் பாத்து 'இறங்குங்க'ன்னேன். 'ஒனக்கு வேற வேல இல்ல'ன்னாக. 'எனக்கு இறங்கணும்'னேன். சிரிச்சுக்கிட்டே தம்பிகிட்ட, 'இவளுக்கு இது வழக்கம்லே, கதவத் தொறந்து விடு. கார்ல வந்து சேரட்டும்'னாக. தம்பி தொறந்து விட்டாரு."

"அக்கா, தண்ணின்னு சொன்னியளா?"

"இல்ல. அந்த வார்த்தைய நான் சொல்லல."

"அதிகாரிகிட்ட?"

"அவரு என்னக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'ஒங்களுக்கு இது வழக்கமாமே?'ன்னாரு. ஆமான்னேன். அதுக்கு மேல அவரு கேக்கல, நானும் சொல்லல. அங்க நின்ன வேலையாளுவளும் முதலாளிக்காக வாயத் தொறக்கல." துணியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். "மக இருக்கால்லா. அவ அப்பாதான் அவசரப்படுத்திக் கொன்னாருன்னு அவகிட்ட யாரும் சொல்லிறக் கூடாதேன்னு இருந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பஸ்ஸில் சாத்தான்குளம் போனோம். காரை மூத்தவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியவர் வாசலுக்கே வந்து கூப்பிட்டுப் போனார். சுவரில் பையனின் படம், அதே வெள்ளைச் சட்டை. அக்கா எப்போது எழுந்துவிடுவாளோ என்று நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. பாட்டில், மணி, பெட்ரோல் பங்க் பேச்சு, சிரிப்பு, எல்லாவற்றையும் சொன்னாள். கணவரின் அந்தக் கேலியில் ஒரு வார்த்தைகூடக் குறைக்கவில்லை. கடைசியில், "எனக்கு இறங்கணும்னு சொன்னேன். தம்பி கதவத் தொறந்து விட்டாரு" என்று முடித்தாள்.

மகன் பார்த்தான் என்று கேட்டதும் பெரியவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப தெரிஞ்சேதான் ஏறியிருக்கான்" என்றார்.

அக்கா தலை குனிந்தாள்.

"மாட்டேன்னு சொல்லத் தெரியாம ஏறியிருக்கான். நான் பாட்டிலப் பாக்கச் சொல்லிக் குடுத்தேன். இதச் சொல்லிக் குடுக்கல." பிறகு கேட்டார்: "நீங்க இறங்கும்போது ஒங்களப் பாத்தானாம்மா?"

"பாத்தாரு."

"எப்பிடிப் பாத்தான்?"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவரும் இறங்கணும்னு நெனச்ச மாரி இருந்துச்சு" என்றாள்.

பெரியவர் எழுந்து உள்ளே போனார். அவர் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பி ஏடு படிந்து கிடந்தது. அவர் திரும்பி வந்து, "இத அந்த ஆபீசர்கிட்டயும் சொல்லிருங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நடந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா சென்னைக்குப் போய் அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டாராம். யார் அவசரப்படுத்தினாலும் கிளம்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவன் விமானிதான், அது மாறாது என்றாராம். முதலாளியின் அவசரத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்ததாகக் கேள்வி. இறந்துபோன அண்ணாச்சியின் பெயரைக் கெடுத்தாள் என்று கணவர் வீட்டார் அவளோடு உறவை முறித்துக்கொண்டார்கள். மகளிடம் அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கொற்கைக்குத் தாய்வீடு போய்ச் சேர்ந்தாள். எனக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

ஆனால் அக்கா என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, அன்று சாத்தான்குளத்திலிருந்து திரும்பிய பஸ்தான். ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே தேரிக்காட்டின் செம்மணல் மேடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் பெரியவரிடம் சொன்னதை நான் மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை குறைந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, எங்கிட்ட வேற மாரி சொன்னியளே?"

"எத?"

"அண்ணாச்சிய இறங்கச் சொன்னதா. அங்கன சொல்லும்போது அது இல்லியே."

அவள் திரும்பவில்லை. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்பியது.

"சொல்லியிருந்தா இறங்கியிருப்பாகங்கியா?" என்றாள்.

"தெரியல அக்கா."

"எனக்கும் தெரியல ஏளா. அதான் ரெண்டு மாரியும் சொல்லிப் பாக்கேன்."